நாற்பத்தோராம் பக்கம்

என் தங்கச்சி வீட்டுக்காரரை எங்கள் பதிப்பகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘எங்கே சார்’ என்றுதான் சொல்வார்கள். எவன் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ‘எங்கே?’ என்ற ஒரு சொல்தான். நாளைக்கு மழை வருமாம் என்றால்கூட, யார் சொன்னது, எங்கே போட்டிருக்கிறது, எத்தனையாம் பக்கம் என்று கேட்பார். கல்யாணமான புதிதில் தங்கச்சி ஒரு நாள், உங்கள் அக்கா என்னைப் பற்றி இப்படி இப்படிப் பேசினார்களாமே என்று மூக்கைச் சிந்தியிருக்கிறாள். அக்கா யாரிடம் பேசினாள், என்றைக்குப் பேசினாள், அப்போது பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இவர் காகிதம் எடுத்துக் குறிக்க ஆரம்பித்துவிட்டாராம். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் புறம்பேச்சு என்பதே எடுபடவில்லை.

அவருடைய வேலையும் அதேதான். அடிக்குறிப்பு சரிபார்ப்பது. படித்தவர்கள் கட்டுரை எழுதும்போது ஒரு விஷயத்தைச் சொல்லி, பக்கத்தில் பொடியாக ஓர் எண் போடுவார்கள். அந்தப் பக்கத்தின் அடியில் அதே எண்ணைப் போட்டு, இதை இன்ன புத்தகத்தில் இத்தனையாம் பக்கத்தில் பார்த்தேன் என்று எழுதுவார்கள். அந்தப் புத்தகத்தில், அந்தப் பக்கத்தில், அது நிஜமாகவே இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள் இவர்.

எங்கள் பதிப்பகம் வருடத்துக்கு ஒரு தொகுப்பு போடும். சட்டம், தத்துவம், வரலாறு, சமயம் என்று நாலு பாகம். அந்தந்த வருடம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் புதிதாக என்ன ஆராய்ந்தார்களோ அதெல்லாம் அதில் வரும். தொள்ளாயிரம் பக்கம் இருக்கும். தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். நான் கீழே குடோனில் அதைக் கட்டுக் கட்டாக அடுக்கி, ஊர் ஊராக அனுப்பி வைக்கிறவன். வாங்குகிறவர்கள் நானூறு பேர். அதிலும் எழுதினவர்கள் தங்கள் கட்டுரையை மட்டும் படித்து, பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நாலு பாகத்தையும் எழுத்து விடாமல் படித்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எங்கே சார்தான்.

அவர் கையில் ஒரு பென்சில் இருக்கும். பக்கத்தைக் கண்ணால் பார்த்தால் குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு டிக். பார்க்காவிட்டால் டிக் கிடையாது. ஒரு தடவை ஒருவர், வேறு ஊரில் யாரோ ஒரு வக்கீல் வீட்டுப் பெட்டியில் இருந்த கடிதத்தைக் குறிப்பில் போட்டிருந்தார். இவர் சொந்த லீவைப் போட்டுவிட்டு, இரண்டு நாள் ரயிலில் போய், அந்தப் பெட்டியைத் திறக்க வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். தத்துவத்துறைப் பேராசிரியர் ஒருவர் என் காதுபடச் சொன்னார்: “கடவுளே நேர்ல வந்து நின்னாலும் இந்த மனுஷன் எந்தப் பக்கத்துல இருக்கீங்கன்னு கேப்பாருய்யா.” எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பாகத்தின் கடைசித் தாளிலும் ‘குறிப்புகள் அனைத்தும் நேரில் பார்க்கப்பட்டன’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது.

முப்பது வருடத்தில் ஒரே ஒரு குறிப்பில் அவர் தவறினார். அதில் எனக்கும் பங்கு உண்டு.

அது நடந்து இருபத்தொன்பது வருடமாகிறது. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். வரலாற்றுப் பாகத்தில், நில எல்லைகளைப் பற்றி ஒரு வயதான பேராசிரியர் எழுதியிருந்தார். எல்லைக் கல்லுக்கு அடியில் ரகசியமாக ஏதாவது அடையாளம் புதைத்து வைப்பார்கள், பின்னால் எவனாவது கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனாலும் பழைய இடம் தெரியும், என்று ஒரு வரி. அதற்குப் பதினேழாம் எண் போட்டிருந்தது. அடியில் பார்த்தால் பதினேழுக்கு நேரே ‘பிறகு தருகிறேன்’ என்று மட்டும் இருந்தது. பேராசிரியர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்தையோ அன்றைக்கே அளவு மாறாமல் பூட்டியாக வேண்டும். பின்னால் ஒரு வரி புதிதாக நுழைந்தால் அடுத்தடுத்த பக்கமெல்லாம் சரிந்துவிடும். அதனால் அந்த இடத்தைப் பிடித்து வைக்கிற மாதிரி ஒரு வரி போட்டு வைப்பது வழக்கம். மற்றவர்கள் வெறும் புள்ளியாக அடுக்கி வைப்பார்கள். இவர் நறுவிசான ஆள். நிஜக் குறிப்பு மாதிரியே இருந்தால்தான் அளவு சரியாக வரும் என்று நினைத்திருக்கிறார்.

எழுதியவர் பெயருக்குத் தன் அப்பாவின் பெயரைப் போட்டார். அவர் சர்வே ஆபீசில் நிலம் அளக்கச் சங்கிலி இழுத்த மனிதர். கையெழுத்துக்கூடப் போட வராது, கைநாட்டுத்தான். இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். வாழ்நாள் முழுக்கக் கல் நட்டவர் என்பதால் புத்தகத்துக்குப் பெயர் ‘கல் நட்ட இடங்கள்’. வெளிவந்த வருடம், அவர் செத்த வருடம். பக்கம் 41. அது அப்போது அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கதவு எண்.

அந்த வரியைப் போட்டு முடிக்கவும், வீட்டிலிருந்து எனக்குப் போன் வரவும் சரியாக இருந்தது. தங்கச்சிக்கு வலி எடுத்துவிட்டது. நான் மாடிப்படி மூன்று மூன்றாக ஏறிப் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைக்கப் போனார். எனக்குப் பதற்றம். கையெழுத்துப் போட்டுத் தட்டில் வைத்துவிட்டு வாருங்கள், மற்றதை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். போட்டார். வந்தார். சாயந்தரம் பெண் குழந்தை பிறந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது, வரலாற்றுப் பாகம் அச்சாகித் தையலுக்குப் போயிருந்தது. பேராசிரியரும் போய்ச் சேர்ந்திருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடோனுக்கு இறங்கி வந்து, ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து, என்னிடம் மட்டும் சொன்னார். வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் இருந்தது. மேனேஜரிடம் சொன்னால் அதோடு சரி.

“ஒரு வரிதானே மாப்ளே,” என்றேன். “எலிகூட அந்தப் பக்கத்தைத் திங்காது.”

அவர் சிரிக்கவில்லை.

ஆறு வருடம் அமைதியாகப் போனது. ஏழாவது வருடம் சட்டப் பாகத்தில் வந்தது. மறைத்து வைத்த அடையாளத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்கலாமா என்று ஒருவர் எழுதியிருந்தார். அடியில்: கல் நட்ட இடங்கள், பக்கம் 41. எங்கே சாருக்கு முதலில் கோபம்தான் வந்தது. புத்தகத்தைத் தொடாமலே அடுத்தவன் குறிப்பைத் தூக்கித் தன் கட்டுரையில் ஒட்டிக்கொள்கிற வித்தை அவருக்குப் புதிதல்ல. நூறு பேரைப் பிடித்திருக்கிறார். சிவப்பால் அடித்து ‘இப்படி ஒரு நூல் இல்லை’ என்று எழுத வேண்டியதுதான். எழுதினால் மேனேஜர் கேட்பார்: அப்படியானால் நம் தொகுப்பிலேயே அது எப்படி வந்தது? அதனால் டிக்கும் போடாமல் அடிக்கவும் செய்யாமல், பென்சில் நுனியால் ஒரு புள்ளி வைத்தார். பார்த்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் புள்ளிக்கு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆனால் ஒரு விஷயம் இருந்தது. சட்டக்காரர் சும்மா பெயரை மட்டும் போடவில்லை. மேற்கோள் குறிக்குள் இரண்டு வரி கொடுத்திருந்தார்: ‘கல்லுக்கு அடியில் மூன்று பிடி அடுப்புக்கரி போடுவேன். சர்வேயருக்குக்கூடத் தெரியாது.’

அப்பா அப்படித்தான் செய்வாராம். பவுடர் டப்பாவில் வீட்டிலிருந்து கரி எடுத்துப் போவாராம். எல்லாச் சங்கிலிக்காரனும் செய்கிறதுதானே, யாராவது சொல்லிக் கேட்டிருப்பார்கள் என்றேன்.

“மூணு பிடின்னு எப்படி மச்சான் தெரியும்?” என்றார்.

நான் கட்டுகளை எண்ணுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னும் ஒன்பது வருடம் கழித்துத் தத்துவப் பாகம். யாருக்குமே தெரியாத ஒன்றை உண்மை என்று சொல்ல முடியுமா என்று ஒருவர் நாற்பது பக்கத்துக்கு இழுத்திருந்தார். அன்றைக்கு எங்கே சார் சாப்பிட இறங்கி வரவில்லை. நான் மேலே போனேன். வெயில் ஜன்னல் வழியாக மேசை மேல் சதுரமாக விழுந்திருந்தது. அதற்குள் அந்தத் தாள். இந்த முறை அதே பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு வரி கூடுதலாக வந்திருந்தது: ‘ஒரே ஒரு தடவை, மேலே இருந்து சொன்னார்கள் என்று கல்லை நாலு அடி தள்ளி நட்டேன். கரியைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டேன்.’

“இதை யாரு மச்சான் எழுதுறா?” என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

அது நடந்திருக்கிறது. அவருக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறை நாள், அப்பாவோடு போயிருந்தாராம். அதிகாரி வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் நாலு அடி தள்ளி நடு என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். யாருடைய நிலம் குறைந்ததோ அந்த ஆள் ஊரிலேயே இல்லை. அப்பா கல்லைத் தள்ளி நட்டார், பழைய குழியில் இருந்த கரியை எடுக்காமல் மண்ணைத் தள்ளி மூடினார், மகனைப் பார்த்து யாரிடமும் சொல்லாதே என்றார். இவரும் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த நிலத்தின் மேல் இப்போது பஸ் நிறுத்துகிற ஷெட் இருக்கிறது.

எதற்கெடுத்தாலும் எங்கே என்று கேட்கிற மனிதர், இந்த ஒரு புத்தகத்தை மட்டும் எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை. நூலகத்துக்கு வாரம் மூன்று நாள் போகிறவர். ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடுங்கள் மாப்ளே என்று நானே சொன்னேன். இல்லை என்று சொல்லிவிட்டால் நிம்மதி. அவருக்கு வேறு பயம்.

புள்ளியை வைத்து அனுப்பிவிட்டார்.

அந்தப் பதினேழாம் குறிப்பு போட்ட அன்றைக்குப் பிறந்த பெண் இருக்கிறாளே, என் மருமகள், அவள் அப்பனுக்குத் தப்பாமல் வளர்ந்தாள். நாலு வயதிலேயே, பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று நான் மிரட்டினால், எந்தச் சாமி மாமா, யார் கண்ணை, எப்போ என்று கேட்பாள். படித்துப் படித்து, சமயத்தில் ஆராய்ச்சி என்று போனாள். சத்தியம் செய்வது, சாமிக்கு மட்டும் தெரியும்படி ஒன்றை மறைத்து வைப்பது, இதெல்லாம் அவளுடைய விஷயம். முதல் கட்டுரையை எங்கள் தொகுப்புக்கே அனுப்பினாள். அவள் யார் மகள் என்று தெரியாமலே, கட்டுரை தேர்ந்தெடுக்கிற குழு எடுத்துக்கொண்டது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டுரை அச்சில் வந்தால்தான் நேர்காணலில் நிற்க முடியும். எங்கே சார் ஓய்வு பெற அப்போது ஐந்து வாரம் இருந்தது. கடைசித் தொகுப்பு. சமயப் பாகத்தின் புரூஃப் அவர் மேசைக்கு வந்தது.

ஒன்பதாவது குறிப்பு. கட்டுரை முழுக்க அதன் மேல்தான் நின்றது. அவள் அந்தப் பக்கத்தை முழுசாகவே எடுத்துக் கொடுத்திருந்தாள். மூன்று பிடி கரி, சர்வேயருக்குத் தெரியாது, நாலு அடி தள்ளி, கரியைப் பழைய இடத்திலேயே. அதற்குக் கீழே புதிதாக: ‘பக்கத்தில் நின்றது என் மகன். அவன் சொல்லமாட்டான்.’

மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். என்னையும் வரச் சொன்னார். நான் போனபோது தங்கச்சி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் எதிரில் உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி, எங்கே என்று கேட்டார்.

“பெத்த பொண்ணுகிட்டயுமா?” என்றாள் தங்கச்சி.

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கே என்றால் என்ன அர்த்தம், பெரிய நூலகத்தில் கீழ்த்தளத்தில்தான், நான் கையில் வாங்கிப் பார்த்துத்தான் எழுதினேன், நீலத் துணி அட்டை, மெல்லிசான புத்தகம் என்றாள். எழுதினவர் பெயரும் தாத்தா பெயராகவே இருந்ததாம். நல்ல ராசி என்று நினைத்துக்கொண்டாளாம். அவர் என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நான் குடோனைப் பூட்டிவிட்டு, மூன்று பேருமாகப் போனோம்.

அந்த நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு லிஃப்டில் இரண்டு மாடி இறங்க வேண்டும். அங்கே விளக்கெல்லாம் ஆள் நடந்தால் எரியும், நின்றால் அணைந்துவிடும். நாம் நடக்க நடக்க முன்னால் ஒவ்வொரு ரேக்காக வெளிச்சம் வரும், பின்னால் இருட்டு நம்மோடு நடந்து வரும். கோடியில் ஒரு மேசை. அதில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற அம்மா. எங்கே சாரை முப்பது வருடமாகத் தெரியும். புத்தகத்தின் பெயரை எழுதிய சீட்டை இவர் நீட்டினார். அந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதைக் கேட்டு நீங்க இன்னும் வரலியேன்னு நெனச்சிட்டே இருந்தேன் சார்.”

யார் கொடுத்த புத்தகம் என்று இவர் கேட்டார். அந்த அம்மா பழைய ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்து, விரலால் வரிசையாக இறங்கி வந்து நின்றார். தேதியை மருமகள்தான் முதலில் பார்த்தாள். அவள் பிறந்த நாள், பிறந்த வருடம். கொடுத்தவர் கையெழுத்து என்ற கட்டத்தில் ஒரு பெருவிரல் ரேகை. மையில் வைத்தது மாதிரி இல்லை. கறுப்பாக, பொடி உதிர்கிற மாதிரி இருந்தது.

ஒரு பெரியவர் வந்தார், காக்கிச் சட்டை, உட்காரச் சொன்னேன், நேரமில்லை என்றார் என்று அந்த அம்மா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். இத்தனை வருடத்தில் கைநாட்டு வைத்துப் புத்தகம் கொடுத்த மனிதர் அவர் ஒருவர்தானாம், அதனால் ஞாபகமாம். சொல்லிவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு ரேக்குகளுக்குள் போனார். சக்கரம் கீச்சிடுகிற சத்தம் போய்க்கொண்டே இருந்து, நின்று, திரும்பி வந்தது.

புத்தகம் வந்தது. முதலில் நான்தான் வாங்கினேன். எத்தனையோ வருடமாகக் காகிதத்தோடு கிடக்கிறவன், தடவிப் பார்த்தால் எந்த மில் என்று சொல்லிவிடுவேன். இது எந்த மில்லும் இல்லை. அச்சகத்தின் பெயரும் எங்கும் போடவில்லை. தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் வாடை அடித்தது. மருமகள் வாங்கி மேசையில் வைத்தாள். அது தானாக நாற்பத்தோராம் பக்கத்தில் விரிந்தது. தாளின் மேல்பாதியில் ஆறேழு வரி. எழுத்து பளிச்சென்று இருந்தது. நான் படித்தேன். மூன்று பிடி அடுப்புக்கரி. எல்லாம் இருந்தது.

எங்கே சார் குனிந்து பார்த்தார்.

“எங்கே?” என்றார்.

வழக்கமான கேள்வி என்று நினைத்து, மகள் விரலை வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“எங்கேம்மா?”

அப்போதுதான் புரிந்தது. அவர் கண்ணுக்கு அது வெள்ளைத் தாள்.

என்ன செய்வதென்று தெரியாமல், நான் கையை விட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நாற்பத்திரண்டில் எண் இருந்தது, எழுத்து இல்லை. நாற்பத்து மூன்று வெறுமை. பின்னால் போனேன், நாற்பது வெறுமை. முதலிலிருந்து கடைசி வரை புரட்டிவிட்டேன். அந்த ஒரு பக்கத்தைத் தவிர எனக்கும் எங்கும் எதுவும் தெரியவில்லை. மருமகளின் முகம் செத்துவிட்டது. எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் குறிப்பில் காட்டியிருந்தார்கள், அதனால் அதை மட்டும் பார்த்தேன் என்றாள். சட்டக்காரரும் அப்படித்தான் பார்த்திருப்பார், தத்துவக்காரரும் அப்படித்தான். நான் படித்த ஏழு வகுப்பில்கூடப் பக்கத்தைத் திருப்பச் சொல்லித்தான் அடிப்பார்கள்.

எங்கே சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். பக்கத்தில் நின்றது என் மகன் என்கிற இடம் வந்தபோது நாங்கள் நாலு பேரும் அசையாமல் இருந்திருக்கிறோம் போல; விளக்கெல்லாம் ஒரேயடியாக அணைந்தது. இருட்டுக்குள் அவள் குரல் மட்டும் கடைசி வரியைச் சொல்லி முடித்தது. அந்த அம்மா கையை ஆட்டினார். வெளிச்சம் வந்தது. எங்கே சார் இரண்டு உள்ளங்கையையும் அந்தப் பக்கத்தின் மேல் விரித்து வைத்திருந்தார், சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

பிறகு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். பதினேழாம் எண், பிடித்து வைத்த வரி, கதவு எண், அன்றைக்கு அவள் பிறந்தது, புள்ளி வைத்து வைத்து ஓட்டினது. ஒன்பதாவது குறிப்பு போனால் கட்டுரை போகும், கட்டுரை போனால் வேலை போகும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கடைசியில், அப்படியானால் என் கட்டுரையை எடுத்துவிடுங்கள் அப்பா என்றாள். அவள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

அவர் தலையை ஆட்டினார்.

“புத்தகம் பொய்ம்மா. கல்லு நிஜம். நான் பார்த்தேன்.”

பையிலிருந்து புரூஃபை எடுத்தார். ஒன்பதாவது குறிப்பில் புத்தகத்தின் பெயரையும் பக்கத்தையும் சிவப்பால் அடித்தார். அந்த இடத்தில், வரி அளவுக்குள் அடங்குகிற மாதிரி, பொடி எழுத்தில் எழுதினார்: ‘சங்கிலிக்காரரின் மகன் நேரில் பார்த்தது, அவர் சொல்லக் கேட்டது.’ தன் பெயர், முகவரி, அன்றைய தேதி. அதற்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். இழுத்துப் போட்ட டிக். பென்சில் முனை உடைந்துவிட்டது.

மறுநாள் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் முதலில் சிரித்தாராம், பிறகு கத்தினாராம். புத்தகம் நூலகத்தில் இருக்கிறதே, அப்புறம் எப்படி இல்லை என்கிறீர்கள் என்று சட்டக்காரர் வேறு போனில் சண்டைக்கு வந்தார். திருத்தச் சீட்டு அடித்து, கையிருப்பில் இருந்த பழைய தொகுப்பிலெல்லாம் ஒட்டச் சொன்னார்கள். குடோனில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டினவன் நான்தான். ஓய்வு நாளில் அவருக்கு வைப்பதாக இருந்த கூட்டத்தை வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. டிபன் டப்பாவையும் பென்சில் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாகப் போனார்.

மகளின் நேர்காணலில் அந்தக் குறிப்பைத்தான் பிடித்துக்கொண்டார்கள். யார் இந்த ஆள், எங்கே இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றாளாம். கூப்பிட்டார்கள். முன்பின் தெரியாத ஐந்து பேருக்கு முன்னால் நின்று, ஜீப், நாலு அடி, மூன்று பிடி, யாரிடமும் சொல்லாதே, எல்லாவற்றையும் சொன்னார். வேலை கிடைத்தது. நிரந்தரம் இல்லை, இரண்டு வருடத்துக்கு மட்டும். அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அடுத்த வருடத் தொகுப்பு போன மாதம் வந்தது. அவர் இடத்துக்கு வேறு ஊரிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண், கெடுபிடியானவள். பழைய கதை எதுவும் தெரியாது. அச்சு முடிந்ததும் புரூஃப் தாள்கள் கழிவுக் காகிதமாகக் குடோனுக்கு வரும். கட்டும்போது சும்மா ஒரு பார்வை விட்டேன். வரலாற்றுப் பாகம், யாரோ ஒருவருடைய புதுக் கட்டுரை, இருபத்து மூன்றாவது குறிப்பு. கல் நட்ட இடங்கள், பக்கம் 42. மேலே மேற்கோள் ஒரே வரி: ‘மகன் சொல்லிவிட்டான்.’

அந்தத் தாளை மட்டும் உருவி மடித்து, சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வாங்கிப் படித்தார். நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“புதுசா வந்த பொண்ணு டிக் போட்டிருக்காளா மச்சான்?”

“போட்டிருக்கா.”

“புள்ளி இல்லையே?”

“டிக்குதான். நல்லாப் பாருங்க.”

“அப்போ பார்த்திருக்கா,” என்றார்.

எழுந்து உள்ளே போய், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். இந்த வெயிலில் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று தங்கச்சி கேட்டாள்.

“அப்பாவைப் பார்த்துட்டு வந்துடறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். அவர் வாசல் கேட்டைச் சாத்திவிட்டு, நூலகத்துக்குப் போகிற பஸ் நிற்கிற பக்கம் வேகமாக நடந்து போனார்.

மூன்று மணி நேரம் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி இரண்டு தடவை காப்பி போட்டாள், இரண்டும் ஆறிப்போனது. அவர் வந்தார். விரல் நுனி பத்தும் அடுப்புக்கரி ஒட்டிக் கறுத்திருந்தது. சட்டையிலும் அப்பியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள் என்று அவள் வாசலிலேயே நிறுத்தினாள். கேட்காத மாதிரி உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். பார்த்தீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் கையைப் பார்த்துவிட்டு, கேட்காமல் விட்டுவிட்டேன்.